ஈக்யூ முன்னா, கொம்பிரசர் முன்னா: ட்ராக்குகளைக் கலக்கும்போது பிளகின்களின் வரிசை உண்மையிலேயே முக்கியமா?

உப்புவெளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆனி மாதம் என் தங்கை பாடிய பாடலொன்றை உப்புவெளியில் எங்கள் வீட்டு அறையிலேயே ஒலிப்பதிவு செய்தேன். அவளுடைய குரலுக்கு ஒரு மைக், ஹார்மோனியத்துக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் இடந்தலைக்குமாக இரண்டு, உடுக்குக்கு ஒன்று, பின்பாட்டுப் பாடிய ஐவருக்கும் தனித்தனியே ஐந்து என மொத்தம் பத்து ட்ராக்குகள் உள்ளன. கச்சான் காற்று விடாமல் வீசிய நாட்கள் அவை. மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் துணி செருகியும்கூட காற்றின் உறுமல் குரல் ட்ராக்கின் அடியில் தங்கிவிட்டது. மறுபடி பாடவைக்கலாம் என்றால், பின்பாட்டுப் பாடியவர்களில் இருவர் இப்போது ஊரில் இல்லை. ஆகவே இருப்பதைக் கொண்டுதான் முடிக்க வேண்டும்.

குரல் ட்ராக்கில், அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ, உரத்த ஒலியை அமுக்கும் கொம்பிரசர், மெல்லிய இரைச்சலை அடைக்கும் கேட், மண்டப எதிரொலி சேர்க்கும் ரிவேர்ப் என, ஒலியை மாற்றும் சிறு மென்பொருள்களான பிளகின்கள் நான்கை இட்டிருக்கிறேன். இவற்றை எந்த வரிசையில் அடுக்குவது என்று எனக்குத் தெரிந்த மூவரிடம் கேட்டேன். முதலாமவர் கொம்பிரசர்தான் முதலில் வர வேண்டும் என்றார். இரண்டாமவர் ஈக்யூ இல்லாமல் கொம்பிரசருக்குள் எதையும் அனுப்பக் கூடாது என்றார். மூன்றாமவர் கணினித் துறையில் இருப்பவர். கணினிக்குள் ஒலி என்பது எண்களின் வரிசைதான், எண்களைப் பெருக்கும்போது எதை முன்னால் பெருக்கினாலும் விடை ஒன்றுதான், எனவே வரிசை பற்றிய பேச்செல்லாம் பழைய இயந்திரக் காலத்து நம்பிக்கை என்று அவர் சொன்னார். அவருடைய விளக்கம் கேட்பதற்குச் சரியாகவே பட்டது.

ஆனால் நானே சோதித்தபோது, இரண்டு ஈக்யூக்களை இடம் மாற்றினால் என் காதுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஈக்யூவையும் கொம்பிரசரையும் இடம் மாற்றினாலோ தங்கையின் குரல் வேறொருவர் பாடியதைப் போல மாறிவிடுகிறது. இரண்டில் எது நல்லது என்று தீர்மானிக்கவும் முடியவில்லை. எங்கே வரிசை பொருட்படுத்த வேண்டியது, எங்கே பொருட்படுத்த வேண்டியதில்லை, அதற்குக் காரணம் என்ன என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன். பின்பாட்டு ஐந்து ட்ராக்குகளையும் தனித்தனியே கொம்பிரஸ் செய்வதா, பல ட்ராக்குகளை ஒன்றாகக் கூட்டும் பஸ் ஒன்றில் சேர்த்த பிறகு செய்வதா என்பதும் இதே கேள்வியின் இன்னொரு முகம் என்று நினைக்கிறேன்.

---

உவர்மலை எழுதியது:

வணக்கம் தம்பி. உங்கள் காது சொன்னது இரண்டு இடத்திலும் சரி. உங்கள் மூன்றாவது நண்பர் சொன்னதும் ஓரளவுக்குச் சரிதான். பெருக்கல் மட்டும் நடக்கும் இடங்களில் அவர் சொன்னபடியே நடக்கும். ஆனால் கொம்பிரசர் வெறுமனே பெருக்குவதில்லை. அது முதலில் கேட்கிறது, பிறகு எவ்வளவு பெருக்குவது என்று முடிவெடுக்கிறது. அந்த முடிவு அதற்குள் வந்து சேரும் ஒலியைப் பொறுத்தது. அதற்கு முன்னால் நீங்கள் எதை வைத்தாலும் அது கேட்கும் ஒலி மாறுகிறது, ஆகவே அதன் முடிவும் மாறுகிறது. வரிசை பற்றிய விவாதம் முழுவதற்கும் வேர் இதுவே.

எண்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். கொம்பிரசர் அமுக்கத் தொடங்கும் அளவான திரெஷோல்ட் −18 டெசிபெல், அமுக்கும் விகிதமான ரேஷியோ 4:1 என்று வைத்துக்கொள்வோம். தங்கையின் குரல் உச்சத்தில் −10 டெசிபெலை எட்டுகிறது. அது திரெஷோல்டைவிட 8 டெசிபெல் மேலே இருப்பதால், நான்கில் ஒரு பங்கான 2 டெசிபெல் மட்டுமே மேலே விடப்படும்; வெளியே வருவது −16. இப்போது இதன் பின்னால் 6 டெசிபெல் கூட்டும் ஒரு கெயின் பிளகினை வைத்தால் முடிவு −10 ஆகும். அதே கெயினை முன்னால் வைத்தால், கொம்பிரசருக்குள் போவது −4. அது 14 டெசிபெல் மேலே. வெளியே விடப்படுவது 3.5, முடிவு −14.5. இரண்டு பிளகின்களும் அவைதான், ஒரு குமிழைக்கூட நீங்கள் தொடவில்லை, ஆயினும் 4.5 டெசிபெல் வித்தியாசம் வந்துவிட்டது. இதே கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள்: கெயினை முன்னால் வைத்துவிட்டுத் திரெஷோல்டையும் 6 டெசிபெல் உயர்த்தி −12 ஆக்கினால், விடை மறுபடியும் −10 ஆகிவிடும். அதாவது எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவில் கூட்டும் கெயினாக இருந்தால் வரிசையால் வரும் வேறுபாட்டைத் திரெஷோல்டை நகர்த்திச் சரிசெய்துவிட முடியும்.

ஈக்யூ விடயத்தில் அப்படிச் சரிசெய்ய முடியாது. ஈக்யூ சில அதிர்வெண்களை மட்டும் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. எனவே கொம்பிரசர் எந்தச் சொல்லில் விழிக்கிறது, எந்தச் சொல்லில் உறங்குகிறது என்பதே மாறிப்போகிறது. உங்கள் கச்சான் காற்றையே எடுத்துக்கொள்வோம். ஒரு மென்மையான அடியில் தங்கை −20 டெசிபெலில் பாடிக்கொண்டிருக்கிறாள். காற்று ஒரு வீச்சு வீசி, அதன் உறுமல் −14 டெசிபெலை எட்டுகிறது. கொம்பிரசருக்குக் குரல் எது, காற்று எது என்று தெரியாது. திரெஷோல்டை 4 டெசிபெல் தாண்டிய ஏதோ ஒன்றை அது கேட்கிறது, 3 டெசிபெல் குறைக்கிறது. குரல் ஒரு தவறும் செய்யாமலே 3 டெசிபெல் தாழ்கிறது. இதற்குப் பின்னால் நீங்கள் தாழ் அதிர்வெண்களை வெட்டினால் உறுமல் போய்விடும்; குரலில் விழுந்த பள்ளம் போகாது. கேட்பவருக்குக் காற்று கேட்காது, குரல் மட்டும் காரணம் தெரியாமல் அசைந்துகொண்டே இருக்கும். கலவையில் நான் கேட்ட குறைகளிலேயே கண்டுபிடிப்பதற்கு மிகக் கடினமானது இதுதான், ஏனென்றால் குற்றம் செய்த ஒலி அந்த இடத்தில் இருப்பதேயில்லை.

ஆகவே உங்கள் குரல் ட்ராக்கில் தாழ்வெட்டு ஃபில்டர் முதலில் வரட்டும். பெண் குரல் என்கிறீர்கள். ஐந்து கட்டைச் சுருதி என்றால் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 196 ஹேட்ஸ். மந்திர பஞ்சமம் வரை இறங்கினாலும் 147 ஹேட்ஸ்தான். ஆகவே 100 ஹேட்ஸில், எண்மத்துக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபெல் சரிவுள்ள ஃபில்டர் ஒன்றை வைத்தால் குரலுக்குப் பெரும் இழப்பு நேராது. 50 ஹேட்ஸில் 12 டெசிபெல்லும் 25 ஹேட்ஸில் 24 டெசிபெல்லும் குறைந்துவிடும். குரலின் நிறத்தை அழகுபடுத்துவதற்காகச் செய்யும் ஈக்யூ வேலையைக் கொம்பிரசருக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். அப்போது உயர் அதிர்வெண்ணை நீங்கள் 2 டெசிபெல் ஏற்றினால் அது 2 டெசிபெல்லாகவே நிற்கும். கொம்பிரசர் அதில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளாது. முதல் இரண்டு நண்பர்களும் ஒருவருக்கொருவர் மாறாகச் சொன்னதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்: ஒருவர் அழகுபடுத்தும் ஈக்யூவை நினைத்துப் பேசியிருக்கிறார், மற்றவர் துப்புரவு செய்யும் ஈக்யூவை நினைத்துப் பேசியிருக்கிறார்.

கேட் கொம்பிரசருக்கு முன்னால் இருப்பது நல்லது. குரலின் உச்சம் −10, அறையின் இரைச்சல் −60 என்றால் நடுவில் 50 டெசிபெல் இடைவெளி உண்டு. கொம்பிரசர் உச்சத்தை 6 டெசிபெல் அமுக்கி, அமுக்கியதை ஈடுசெய்யும் மேக்அப் கெயினில் நீங்கள் 6 டெசிபெல் திருப்பிக் கொடுத்தால், உச்சம் −10இலேயே நிற்கும். அமுக்கப்படாத இரைச்சல் −54க்கு ஏறிவிடும். இடைவெளி 44 ஆகச் சுருங்கிய பிறகு கேட்டை வைத்தால், எங்கே திறப்பது, எங்கே மூடுவது என்பதற்கு இடம் போதாமல், அடி முடிவில் தேயும் கார்வையின் வாலை அது கடித்துவிடும்.

இரண்டு ஈக்யூக்களை மாற்றியபோது வேறுபாடு தெரியாததற்குக் காரணம், ஈக்யூ நேரியல் தன்மை உடையது. அது எதையும் கேட்டு முடிவெடுப்பதில்லை. மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் ஒரே அளவில்தான் செயற்படுகிறது. நேரியல் தன்மையுள்ள இரண்டை எப்படி மாற்றி அடுக்கினாலும் விடை ஒன்றே. ரிவேர்ப்பும் அப்படித்தான்.

---

மூதூர்க் கரை எழுதியது:

உவர்மலை அண்ணாவின் விளக்கம் மிகத் தெளிவாக இருக்கிறது. ஆயினும் கடைசிப் பத்தியில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. நேரியல் தன்மை மட்டும் போதாது. காலத்தோடு மாறாமலும் இருக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேறினால்தான் இடமாற்றம் விடையைப் பாதிக்காது.

ட்ராக்கின் உரத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரைப் பாருங்கள். ஃபேடர் வெறும் பெருக்கல். அதைவிட நேரியலான ஒன்று இல்லை. பாடலின் முடிவில், தானாக நகரவைக்கும் ஓட்டோமேஷனால் அதை மெல்ல இறக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபேடர் ரிவேர்ப்புக்கு முன்னால் இருந்தால், குரல் தேய்ந்து மறைந்த பிறகும் அதன் எதிரொலி சிறிது நேரம் மண்டபத்தில் தங்கும். ஃபேடர் ரிவேர்ப்புக்குப் பின்னால் இருந்தால், எதிரொலியும் குரலோடு சேர்ந்தே இறங்கி ஒரே கணத்தில் அடங்கும். இரண்டும் நேரியல், ஆனால் இரண்டு முடிவுகள். ஒன்று காலத்தோடு நகர்கிறது என்பதே காரணம். கோரஸ், ஃபிளாஞ்சர், உள்ளே அசைவு வைத்து எழுதப்பட்ட ரிவேர்ப் ஆகியவையும் இந்த வகைதான்.

ஸ்டீரியோவிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. இடப்பக்கத்தை மட்டும் தொடும் ஈக்யூவையும், நடுவையும் ஓரத்தையும் பிரித்து அகலத்தை மாற்றும் பிளகினையும் இடம் மாற்றினால் விடை மாறும், இரண்டும் நேரியலாகவும் காலத்தோடு மாறாமலும் இருந்தாலும்கூட. இரண்டு சனல்கள் ஒன்றுக்குள் ஒன்று கலக்கும் இடத்தில் நடப்பது தனி எண்களின் பெருக்கல் அல்ல, எண்களைக் கட்டங்களாக அடுக்கிய அணிகளின் பெருக்கல். அணிகளைப் பெருக்கும்போது வரிசை மாறினால் விடை மாறும் என்பது உயர்தரத்தில் கணிதம் படித்த பலருக்கும் தெரிந்ததே. உங்கள் கணினி நண்பருக்கு இந்த விளக்கம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

---

உவர்மலை எழுதியது:

திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன், நன்றி. ஃபேடர் உதாரணத்தை நான் ஒவ்வொரு நாளும் கையால் செய்துகொண்டிருக்கிறேன், ஆனால் இந்தக் கோணத்தில் எண்ணிப் பார்த்ததில்லை. பெரும்பாலான மென்பொருள்களில் ட்ராக்கிலேயே செருகும் இன்சேர்ட் பிளகின்கள் ஃபேடருக்கு முன்னால் இருப்பதால், ஃபேடரை எவ்வளவு அசைத்தாலும் அந்த ட்ராக்கின் கொம்பிரசருக்கு அது தெரியாது என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சொல் மட்டும் உரத்துவிட்டது, அதைக் கொம்பிரசருக்கு முன்பே தாழ்த்த வேண்டும் என்றால், பதிவுத் துண்டான கிளிப்பின் கெயினைத்தான் குறைக்க வேண்டும். புதிதாக வருபவர்களில் பலர் ஃபேடரை இறக்கிவிட்டு, கொம்பிரசரின் மீட்டர் ஏன் அசையவில்லை என்று கேட்கிறார்கள்.

---

உப்புவெளி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தாழ்வெட்டு ஃபில்டரை முன்னால் கொண்டுவந்ததும் குரலின் அசைவு நின்றுவிட்டது. அந்த அசைவைத் தங்கையின் மூச்சுக் குறை என்று நான் எண்ணியிருந்தேன், அவளிடமும் அப்படியே சொல்லியிருந்தேன். அதை இன்றே அவளிடம் திருத்திச் சொல்லிவிட்டேன்.

இப்போது வேறொரு ஐயம் எழுகிறது. வரிசையை மாற்றும்போதெல்லாம் ஒலியின் உரமும் மாறிவிடுவதால், எனக்குப் பிடித்தது வரிசையா, உரமா என்று பிரித்தறிய முடியவில்லை. நேர்மையாக ஒப்பிடுவது எப்படி? ரிவேர்ப்பையும் பின்பாட்டையும் பற்றிய கேள்விகளும் நிற்கின்றன.

---

தம்பலகாமம் எழுதியது:

வணக்கம். நான் பல ஆண்டுகளாகக் கோயில் விழாக்களிலும் பாடசாலை நிகழ்ச்சிகளிலும் பதிவான பாடல்களைக் கலந்து கொடுத்து வருபவன். கணிதம் எனக்குக் குறைவு. ஆனால் உங்கள் ஐயம் எனக்கும் நீண்ட காலம் இருந்தது.

ஒப்பிடுவதற்கு இரண்டு சோதனைகள் உண்டு, இரண்டும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருபவை. முதற் சோதனை, வேறுபாடு இருக்கிறதா என்பதை மட்டும் அறிவதற்கு. ட்ராக்கைப் பிரதியெடுத்து, பிரதியில் வரிசையை மட்டும் மாற்றி, பொலாரிட்டியை (ஒலியலையின் மேல் கீழை) தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். முழு மௌனம் கிடைத்தால் இரண்டும் ஒன்றே. மௌனத்துக்குப் பதிலாக எதைக் கேட்கிறீர்களோ அதுதான் வரிசை உண்டாக்கிய வேறுபாடு. அது எந்தச் சொற்களில், எந்தத் தட்டுகளில் தலைகாட்டுகிறது என்பதையும் அங்கேயே கேட்டு அறியலாம். ஓர் எச்சரிக்கை: பழைய கருவிகளைப் பின்பற்றி எழுதப்பட்ட சில பிளகின்களுக்குள் வேண்டுமென்றே இரைச்சலும் சிறு அசைவும் வைக்கப்பட்டிருக்கும். அவை தம்மோடு தாமே ஒத்துப்போவதில்லை. எனவே வரிசையை மாற்றாத பிரதி ஒன்றை வைத்து முதலில் சோதித்து, மௌனம் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே வரிசையைக் குற்றம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சோதனை, எது நல்லது என்று அறிவதற்கு. வரிசையை மாற்றியவுடன் அப்படியே ஒப்பிட்டால் அது நியாயமாகாது. உவர்மலையார் காட்டிய கணக்கின்படி கொம்பிரசர் இப்போது முன்னைவிட அதிகமாகவோ குறைவாகவோ வேலை செய்துகொண்டிருக்கும். மாற்றிய வரிசையில் திரெஷோல்டை நகர்த்தி, சராசரியாக முன்பு இருந்த அதே அளவு அமுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வெளியே வரும் உரத்தையும் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபெல் உரத்த ஒலியை மனிதக் காது நல்ல ஒலி என்றே எடுத்துக்கொள்ளும். இவ்வளவையும் செய்த பிறகு எஞ்சும் வேறுபாடே வரிசையின் உண்மையான வேறுபாடு. அது பெரும்பாலும் முதலில் பயமுறுத்திய அளவுக்குப் பெரிதாக இராது. ஆனால் குரலில் அது இருக்கும் இடம் மிகவும் உணர்வானது. பாடகர் ஒரு சொல்லை எவ்வளவு அழுத்தினார் என்பதில்தான் அது கைவைக்கிறது.

‘ச’ ஒலியின் கூர்மைக்கு டி-எசர் வைக்கிறீர்களானால், அதைக் கொம்பிரசருக்குப் பின்னால் வையுங்கள். கொம்பிரசரை அசைப்பது பெரும்பாலும் உயிரொலிகள். சகரத்தின் சீற்றம் அதில் அகப்படாமல் தப்பி, மேக்அப் கெயினால் இன்னும் கூர்மையாகி வெளியே வரும். உயர் அதிர்வெண்ணை ஏற்றும் ஈக்யூ டி-எசருக்கும் முன்னால் இருக்கட்டும். அதைப் பின்னால் வைத்தால், டி-எசர் அடக்கியதை நீங்களே திரும்ப எழுப்பிவிடுவீர்கள். என்னிடம் சரிபார்க்க வந்த கலவைகளில் நான் அடிக்கடி கண்ட பிழை இது.

ரிவேர்ப் விடயத்தில் நான் ஒரு கோயில் மண்டபத்தை நினைத்துக்கொள்வேன். பாடுபவரின் தொண்டை முதலில், மண்டபம் பிறகு. உலகில் இந்த வரிசை மாறுவதில்லை. கொம்பிரசரை ரிவேர்ப்புக்குப் பின்னால் வைத்தால், குரல் நின்றவுடன் கொம்பிரசர் தன் பிடியைத் தளர்த்தி எதிரொலியை மேலே தூக்கும். பாடுபவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் மண்டபம் பெருத்துச் சுருங்குவதுபோல் ஒலிக்கும். தாளக் கருவிகளுக்குச் சிலர் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள், உடுக்குக்கு அது ஒரு வீரியத்தைக் கொடுக்கும் என்பதையும் மறுக்கமாட்டேன். பக்திப் பாடலின் குரலில் எனக்கு அது சம்மதமில்லை. ரிவேர்ப்பைத் தனி ட்ராக்கில் வைத்து, குரலின் ஒரு பங்கைப் பிரித்து அனுப்பும் சென்ட் மூலம் அனுப்புங்கள். அந்தத் தனி ட்ராக்கில் ஈக்யூவை ரிவேர்ப்புக்கு முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும், ரிவேர்ப்பில் அசைவு இல்லாத வரையில் முடிவு ஒன்றே. அதைப் பற்றி ஒரு நிமிடமும் செலவழிக்க வேண்டாம்.

இனிப் பின்பாட்டு. ஐந்து குரல்களைத் தனித்தனியே அமுக்கிப் பிறகு கூட்டுவதும், கூட்டிய பிறகு அமுக்குவதும் ஒருபோதும் ஒன்றாகா. பஸ்ஸில் ஒரே கொம்பிரசர் இருந்தால், ஐவரில் ஒருவர் உரத்துப் பாடும் கணத்தில் அவர் செய்ததற்கு ஐவரும் சேர்ந்து தாழ்கிறார்கள். ஒருவகையில் அது நன்மை. ஐவரும் ஒரே மூச்சில் பாடுவதுபோன்ற இணக்கம் அதனால் கிடைக்கிறது. ஆனால் ஒருவர் மட்டும் தொடர்ந்து உரத்துப் பாடுகிறார் என்றால் பஸ் கொம்பிரசர் அவருக்கே துணை போகும், ஏனெனில் அவருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளியை அது குறைப்பதேயில்லை. நான் செய்வது, தனித்தனியே சிறிதளவு அமுக்கி ஐவரையும் சமப்படுத்தி, பஸ்ஸில் இன்னும் சிறிதளவு சேர்ப்பது. ஈக்யூவைப் பொறுத்தவரை, ஐவருக்கும் ஒரே ஈக்யூதான் என்றால் அதைப் பஸ்ஸில் ஒரு முறை வைத்தாலே போதும். விடையும் ஒன்று, கணினிக்கும் பளு குறைவு. ஆனால் காற்றின் உறுமலை வெட்டும் ஃபில்டர் ஒவ்வொரு ட்ராக்கிலும் கொம்பிரசருக்கு முன்னாலேயே இருக்க வேண்டும்.

ஒலியைச் சற்றே சிதைத்துச் சூடாக்கும் சாச்சுரேஷன் பற்றி ஒரு வார்த்தை. 200 ஹேட்ஸ் சுரம் ஒன்றையும் 300 ஹேட்ஸ் சுரம் ஒன்றையும் தனித்தனியே சாச்சுரேஷனுக்குள் அனுப்பினால் 400, 600, 900 என்று அவற்றின் மடங்குகள் மட்டும் பிறக்கும். கூட்டிவிட்டு அனுப்பினால், இரண்டு தனி ட்ராக்குகளிலும் இல்லாத 100ம் 500ம் கூடப் பிறக்கும். ஹார்மோனியத்தையும் குரலையும் ஒரே பஸ்ஸில் சூடாக்கியபோது கலங்கலாகிவிட்டது என்று வருந்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

---

மூதூர்க் கரை எழுதியது:

தம்பலகாமம் ஐயா சொன்னவற்றில் ஒன்றைச் சேர்க்கிறேன். இரண்டு கொம்பிரசர்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும்போதும் வரிசை மாறினால் முடிவு மாறும். 1967இல் வந்த 1176 என்ற கருவி ஓர் உச்சத்தைப் பிடிக்க எடுக்கும் நேரம் 20 முதல் 800 மைக்ரோசெக்கன் வரை. எல்ஏ-2ஏ என்ற ஒளியால் இயங்கும் கருவிக்கு ஏறத்தாழ 10 மில்லிசெக்கன் வேண்டும். விரைவானதை முன்னால் வைத்து உச்சங்களை வெட்டிவிட்டு, மெதுவானதைப் பின்னால் வைத்து முழு அடியையும் சமப்படுத்துவது குரலுக்குப் பலர் கையாளும் வழி. மாற்றி வைத்தால், மெதுவானது ஒவ்வொரு உச்சத்துக்கும் தேவையில்லாமல் இறங்கி, எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொள்ளும்.

---

கிண்ணியாப் பாலம் எழுதியது:

எண்களின் பக்கம் நின்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனெனில் கணினி நண்பரின் வாதத்துக்கு இன்னும் ஒரு விடை பாக்கியிருக்கிறது. எண்களை எந்த வரிசையில் பெருக்கினாலும் கூட்டினாலும் விடை ஒன்று என்பது தாளில் எழுதும் கணிதத்துக்குப் பொருந்தும். கணினிக்குள் ஒவ்வொரு விடையும் குறிப்பிட்ட இடத்துக்குள் அடங்குமாறு வெட்டப்படுகிறது. புள்ளியின் இடம் நகரக்கூடிய 32 பிற் மிதவைப் புள்ளி எண்ணில் துல்லியம் 24 பிற். ஆகவே பத்து ட்ராக்குகளை வேறு வரிசையில் கூட்டினால் கடைசி பிற் மாறக்கூடும். ஆனால் அது ஒலியைவிட 140 டெசிபெலுக்கும் கீழே நிகழும் மாற்றம். எந்த அறையிலும் எந்தக் காதுக்கும் அது எட்டாது. ட்ராக்குகளைத் திரையில் மேலே கீழே நகர்த்தினால் ஒலி மாறுகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முழு எண்களில் வேலை செய்தபோது நிலைமை வேறு. 16 பிற் முழு எண்ணில் ஒலியை 12 டெசிபெல் குறைத்துச் சேமித்துவிட்டு, பிறகு 12 டெசிபெல் கூட்டினால், அடியில் இருந்த இரண்டு பிற் நிரந்தரமாகப் போய்விட்டிருக்கும். முதலில் கூட்டிப் பிறகு குறைத்தால் உச்சங்கள் வெட்டுப்பட்டிருக்கும். மிதவைப் புள்ளியில் இரண்டும் நேராது. ஆயினும் கலவையின் நடுவில் ஒரு ட்ராக்கை 16 பிற் கோப்பாக ஏற்றுமதி செய்து மறுபடி உள்ளே கொண்டுவந்தால் அந்தப் பழைய ஆபத்து அப்படியே திரும்பி வரும். நடுவே எடுக்கும் கோப்புகள் அனைத்தும் 32 பிற் மிதவையாகவே இருக்கட்டும். கடைசியில் மாதிரி வீதத்தை 44.1 கிலோஹேட்ஸுக்கு மாற்றுவதென்றால் அதை முதலில் செய்து, டிதரை (வெட்டுப் பிழையை மறைக்கும் மெல்லிய இரைச்சலை) அதற்கும் பிறகு, எல்லாவற்றுக்கும் இறுதியாக, ஒரே ஒரு முறை சேர்க்க வேண்டும். டிதருக்குப் பின்னால் ஒரு கெயினைக்கூட வைக்கக் கூடாது. இந்த ஓரிடத்தில் வரிசைக்கு விதிவிலக்கே இல்லை.

ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளின் பழைய பதிப்பில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். 2022இல் வந்த 3.2 பதிப்புக்கு முன்னர் அதில் ஒவ்வொரு விளைவும் கோப்பிலேயே பதிந்துவிடும். வரிசையைப் பின்னால் மாற்றிப் பார்க்கும் வசதி இருக்கவில்லை. மூலப் பதிவின் பிரதி இல்லாமல் அதில் எதையும் தொடங்க வேண்டாம்.

---

உப்புவெளி எழுதியது:

நேற்றிரவு முழுவதும் இதே வேலையாக இருந்தேன். பொலாரிட்டிச் சோதனையில் இரண்டு ஈக்யூக்கள் மௌனத்தைத் தந்தன. மீட்டர் அசையவே இல்லை. ஈக்யூவையும் கொம்பிரசரையும் மாற்றியபோது எஞ்சிய ஒலியைக் கேட்டேன். அதில் தங்கையின் முழுக் குரலும் இல்லை. மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடங்களும், சரணத்தின் முதலடியில் அவள் அழுத்திச் சொல்லும் இரண்டு சொற்களும் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டன. தம்பலகாமம் ஐயா சொன்னபடி அமுக்கத்தையும் உரத்தையும் சமப்படுத்திய பிறகு அந்த இரண்டு சொற்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அவள் நேரில் பாடும்போது ஒலிப்பது எந்த வரிசையில் வருகிறதோ அதையே வைத்துக்கொண்டேன். தாழ்வெட்டு ஃபில்டர், கேட், கொம்பிரசர், நிறத்துக்கான ஈக்யூ, டி-எசர் என்பது இப்போதைய வரிசை. ரிவேர்ப் தனி ட்ராக்கில் இருக்கிறது. பின்பாட்டில் ஒருவர் தொடர்ந்து உரத்துப் பாடியிருந்தார். தனித்தனியே அமுக்கியதும்தான் மற்ற நால்வரும் கேட்கத் தொடங்கினார்கள்.

மிருதங்கத்தில் மட்டும் எனக்கு இன்னும் நிறைவில்லை. வலந்தலையையும் இடந்தலையையும் ஒரே பஸ்ஸில் அமுக்கும்போது, இடந்தலையான தொப்பியின் ஆழ்ந்த கும்கி ஒலி ஒவ்வொன்றும் வலந்தலையின் சாப்பு அடியைக் கீழே இழுக்கிறது.

---

தம்பலகாமம் எழுதியது:

தம்பி, அங்கே தொப்பி ட்ராக்கில் தாழ்வெட்டு வைத்தால் கும்கியின் உயிரே போய்விடும், அதைச் செய்யாதீர்கள். பஸ் கொம்பிரசரின் சைட்செயின் ஃபில்டரை 120 ஹேட்ஸ் அளவில் வைத்துப் பாருங்கள். அப்போது கொம்பிரசர் முடிவெடுப்பதற்காகக் கேட்கும் ஒலியில் மட்டும் தாழ் அதிர்வெண் குறையும். வெளியே போகும் ஒலியில் கும்கி முழுமையாக நிற்கும். ஈக்யூவை முன்னால் வைக்காமலே, முன்னால் வைத்ததன் பயனை எடுத்துக்கொள்ளும் வழி இது. அதிலும் சாப்பு தாழ்ந்தால், இரண்டு தலைகளையும் தனித்தனியே அமுக்கி, பஸ்ஸில் எதையும் வைக்காமல் விட்டுவிடுங்கள்.